நோட்டில் இருந்த 41 பெயர்கள்

கேள்வி: பல வருடங்கள் கழித்துப் பழைய நண்பர்களையோ மாணவர்களையோ மறுபடி சந்தித்திருக்கிறீர்களா? விட்டுப்போன தொடர்பை எப்படிப் பிடித்தீர்கள்?

வேதாரண்யம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். பாஸாகி நல்ல நிலைமைக்கு வந்த பிள்ளைகள் தாங்களாகவே வீடு தேடி வந்துவிடுவார்கள். மற்றவர்களை நாம்தான் தேடிப் போகவேண்டும். இது எனக்குப் புரிந்ததே ஒரு புயலுக்குப் பிறகுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடந்தது. கொல்லையில் இருந்த மாமரமும் ஏழு தென்னையும் அந்த ஒரே ராத்திரியில் போயின. தெருவில் ஒரு கரண்ட் கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் லாரியில் வந்து, கல்யாண மண்டபங்களில் படுத்து எழுந்து, முழங்கால் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தது பதினெட்டாவது நாள். எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே டம்ளரை வாங்கினார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பேசினார்.

"டீச்சர், என்னைத் தெரியலீங்களா? தொண்ணூத்தெட்டு பேட்ச்."

நிஜமாகவே தெரியவில்லை. காதோரம் நரைத்த, வெயிலில் கறுத்த ஒரு முகம். அப்போது டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பெருவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டு பட்டையாக வளர்ந்திருந்தது. சின்ன வயதில் உப்பளத்தில் மண்வெட்டி பட்டது. வகுப்பில் அவன் காம்பஸைப் பிடித்து வட்டம் போடும்போதெல்லாம் அந்த நகம் என் கண்ணில் படும்.

"நீயாடா?" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"மூணு நாளா இந்தப் பக்கம்தான் வேலை டீச்சர். உங்க வீடு தெரியும். ஃபெயிலானவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து நிக்கிறதுன்னுதான்..."

கணக்கில் 31. பாஸ் ஆவதற்கு நாலு மார்க் குறைச்சல். அப்புறம் தனித்தேர்வராக எழுதலாம் என்று நினைத்திருக்கிறான், உப்பள வேலையில் அது அப்படியே விட்டுப்போயிருக்கிறது. சேலம் பக்கம் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவனை, இருபது வருடம் கழித்துப் புயல்தான் சொந்த ஊருக்குக் கூட்டி வந்தது.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தை பிறந்தால் அளத்தில் பாத்தி கட்ட ஆரம்பிப்பார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலை கிடையாது, கையில் காசும் கிடையாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிற மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் குடும்பத்தோடு இறங்கி உப்பு வாரும் காலம். ரிவிஷன் நடத்தும்போது கடைசி இரண்டு பெஞ்ச் காலியாகக் கிடக்கும். ரெஜிஸ்டரில் 'லாங் ஆப்சென்ட்' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அவன் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஒருநாள்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி இருட்டில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023-இல் அதே பேட்ச் பிள்ளைகள் 25 வருடச் சந்திப்புக்கு அழைக்க வந்தார்கள். வாட்ஸ்அப் குழுவை ஆசையாகக் காட்டினார்கள். அதில் 22 பேர். பீரோவிலிருந்து என் பழைய மார்க் நோட்டை எடுத்து வைத்தேன். அதில் 41 பெயர்.

"மீதி 19 பேர் எங்கேப்பா?"

"அவங்கள்லாம் பத்தாவது முடிக்கல டீச்சர். கூப்பிட்டா வருவாங்களான்னு தெரியல."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் கூப்பிடாமலே எப்படித் தெரியும் என்று கேட்டேன். தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். தேடினோம்.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இங்கேதான் பதில். இந்த 19 பேரில் ஒருவரைக்கூட ஃபேஸ்புக் வழியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆண் பிள்ளைகளை டீக்கடையில் விசாரித்துப் பிடித்தோம். பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். ஒருவன் நம்பர் கிடைத்தால் அவனிடம் இன்னும் இருவர் நம்பர் இருக்கும். பெண்களைத் தேடுவதுதான் கஷ்டம். இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், போன் புருஷன் பெயரில் இருக்கும். அவர்களுக்கு அம்மா வீடு ஒன்றுதான் மாறாத விலாசம். மாசி மகத்துக்கு வேதாரண்யேசுவரர் கோயில் தேர் பார்க்க எங்கே இருந்தாலும் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே அம்மாக்களைப் போய்ப் பார்த்தேன். 'டீச்சர் வந்திருக்காங்க' என்று சொன்னால் போதும், பாய் விரித்து உட்கார வைத்து, மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிடுவார்கள்.

போனில் பேசும்போது, "இப்ப என்ன பண்றே?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முதல் ஆளிடம் நான் அப்படிக் கேட்டேன், அவன் சுருங்கிப்போய் வைத்துவிட்டான். அடுத்தவளிடம், "முல்லைப்பூ கட்டிக்கிட்டு வந்து எங்க எல்லாருக்கும் குடுப்பியே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். குழுவிலும், வெளிநாட்டில் எடுத்த போட்டோக்களைக் கொஞ்ச நாள் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். புதிதாக வந்தவர்கள் வாய் திறக்கட்டும் என்றுதான். பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

பத்தொன்பதில் 13 பேர் கிடைத்தார்கள். இருவர் உயிரோடு இல்லை. ஒருவன் கடலுக்குப் போனவன், ஒருத்தி பிரசவத்தில் போனவள். நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே என்னால் எதுவும் எழுத முடியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

சந்திப்பு அன்று, புயலுக்குப் பிறகு கம்பம் நட வந்தவன் திருத்துறைப்பூண்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினான். 2004-இல் நின்றுபோன பாதையில் அந்த ஏப்ரலில்தான் மறுபடி ரயில் விட்டிருந்தார்கள். பத்தாவது படிக்கப்போகும் மகளைக் கையோடு கூட்டி வந்திருந்தான். "இவதான் டீச்சர். கணக்கு வருது இவளுக்கு" என்றான். என் காலில் விழப்போன அந்தப் பெண்ணைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அப்பாவைப் போலவே அவளும் எழுதும்போது நாக்கை லேசாகக் கடிக்கிறாள்.

இன்னும் நாலு பேர் பாக்கி. அதில் ஒருத்தியின் அம்மா செம்போடையில் இருப்பதாகப் போன வாரம் தகவல் வந்தது. மகள் தேருக்கு வருவாளாம். நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன்.