பறக்கும் மணி நேரத்துக்கு மட்டும் சம்பளம்: கையெழுத்துப் போடலாமா?

துணை விமானியாக முதல் வேலை கிடைத்திருக்கிறது, பறக்கும் மணி நேரத்துக்குத்தான் சம்பளம், 3 வருடப் பயிற்சிப் பத்திரமும் (இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். ஆனால் பேனாவை எடுக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்.

மணிக்கு இவ்வளவு என்பது பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும். பெரும்பாலும் அந்தக் கடிகாரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போது ஓடத் தொடங்கி, போய்ச் சேர்ந்து நின்றதும் நின்றுவிடும். விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, வானிலை விவரம் படிப்பது, இரண்டு பயணங்களுக்கு நடுவே காத்துக்கிடப்பது எதுவும் அதில் சேராது. 12 மணி நேரம் பணியில் இருந்து 5 மணி நேரத்துக்கு மட்டும் கூலி வாங்கும் நாளும் வரும். அதனால் மாதத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரச் சம்பளம் உறுதி என்று கேளுங்கள். அழைப்புக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதத்தில் அதுதான் சோறு போடும்.

அப்புறம், பணித்தளத்துக்கு, அதாவது உங்கள் பணி தொடங்கும் விமான நிலையத்துக்கு, பக்கத்திலேயே குடியிருங்கள், அறையைப் பகிர்ந்தாவது. 2009-ல் அமெரிக்காவின் பஃபலோ அருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்தில், துணை விமானி இரவெல்லாம் சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வந்து பணியில் ஏறியவர். குறைந்த சம்பளம், களைப்பு இரண்டுமே விசாரணையில் பேசப்பட்டன.

பத்திரத் தொகை மாதாமாதம் குறைகிறதா? ஆட்குறைப்பில் அவர்களே அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? பெயர்களை அடித்துவிட்டு அந்த வாசகத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.