ஜெர்மனியில் படிக்கும்போது பீர் திருவிழாவுக்குப் போவதென்றால் எங்கே போகலாம்?

கேள்வி: ஜெர்மனியில் மாணவராக இருக்கும்போது நண்பர்களோடு வார இறுதியில் பீர் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி இருந்தது? குடிக்காதவர்கள் போனால் சலித்துவிடுமா?

போயிருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு அல்ல. எர்லாங்கன் நகரத்தில் நடக்கும் பெர்க்கிர்ஹ்வை என்ற திருவிழாவுக்கு. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'பெர்க்' என்பார்கள். யாராவது மாணவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மதுவைத் தொடாதவர்கள். திரும்பி வரும் ரயிலில் அந்தத் திருவிழாவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது அவர்கள் இருவரும்தான்.

ஏன் மியூனிக் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபர்ஃபெஸ்ட் 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டித் தொடங்கியது. பெரிய விழா, சந்தேகமே இல்லை. உள்ளே நுழையக் கட்டணமும் கிடையாது. ஆனால் அங்கே எல்லாம் பெரிய பெரிய கூடாரங்களுக்குள்தான். உட்கார இடம் கிடைத்தால்தான் பீர் கொடுப்பார்கள். சனிக்கிழமை என்றால் காலையிலேயே கூடாரங்கள் நிரம்பிக் கதவை மூடிவிடுவார்கள். மேசைகளைக் குழுவாகப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். 2025இல் ஒரு லிட்டர் பீர் 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை விற்றது. அதோடு விடுதி அறைகளின் வாடகை அந்த இரண்டு வாரமும் எகிறிவிடும். மாதச் செலவை எண்ணி எண்ணிப் பார்க்கும் மாணவனுக்கு இது சரிப்பட்டு வராது.

எர்லாங்கன் வேறு மாதிரி. அது பல்கலைக்கழக ஊர். நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். என் மதுரை நண்பனும் அங்கேதான் படிக்கிறான். நான் படிப்பது யேனாவில். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த திங்கள் ஜெர்மனி முழுவதும் விடுமுறை என்பதால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. "அறையில் தரையில் படுத்துக்கொள்ளுங்கள், போர்வை மட்டும் கொண்டு வாருங்கள்" என்று அவன் சொன்னதும் கிளம்பிவிட்டோம். வட்டார ரயில்களுக்கான ஜெர்மனி டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருந்ததால் ரயிலுக்குத் தனிச் செலவு இல்லை. யேனாவிலிருந்து பாம்பெர்க் வழியாக எர்லாங்கனுக்கு நேராக ஒரு வட்டார ரயில் இருக்கிறது. அந்தப் பாதையே அழகு. வழியில் ப்ரோப்ஸ்ட்செல்லா என்று ஒரு சின்ன நிலையம் வரும். நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் இந்தப் பாதையில் கிழக்கு ஜெர்மனியின் எல்லை நிலையம் அதுதான். இப்போது யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. ஜன்னலோரத்தில் இருந்தால் பாருங்கள்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். எர்லாங்கன் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடக்க வேண்டும். வழி கேட்கவே தேவையில்லை, கூட்டம் போகும் பக்கம் போனால் போதும். பழைய நகரத்தைத் தாண்டியதும் மேடு ஏறுகிறது. அதுதான் புர்க்பெர்க் குன்று. அதன் அடிவாரத்தை ஒட்டி நீண்டு செல்லும் பாதையில்தான் மொத்தத் திருவிழாவும். ஒரு பக்கம் ராட்டினம், வறுத்த பாதாம், இனிப்புக் கடைகள். மறுபக்கம் உயரமான மரங்களுக்குக் கீழே படிப்படியாக மேலேறும் மர பெஞ்சுகள். கூடாரமே கிடையாது, மரங்கள்தான் கூரை. வெயில் இலை வழியாகத் துண்டு துண்டாக மேசைமேல் விழும். கூட்டத்தைப் பார்த்ததும் மதுரைக்காரன் "சித்திரைத் திருவிழா மாதிரியே இருக்குடா" என்றான். அவன் சொன்னது சரிதான். பாட்டி தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை ஊரே அங்கே இருந்தது.

அந்தக் குன்றின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே காய்ச்சும் லாகர் வகை பீர் குறைந்த வெப்பநிலையில்தான் நன்றாகப் புளித்து, பல வாரம் கிடந்து பக்குவமாகும். குளிர்பதன இயந்திரம் இல்லாத காலத்தில் கோடையில் அதை எப்படிக் காப்பாற்றுவது? எர்லாங்கன்காரர்கள் குன்றின் மணற்கல்லைக் குடைந்து நீளமான நிலவறைகள் வெட்டினார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்றே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் எர்லாங்கன் பீர் வெளியூர்களுக்கெல்லாம் போன பெயர்பெற்ற சரக்கு. அப்புறம் 1870களில் கார்ல் ஃபான் லிண்டே குளிர்பதன இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் பீரைக் குளிர வைக்கலாம் என்று ஆனதும் இந்த நிலவறைகளின் மவுசு போய்விட்டது. ஆனால் திருவிழா போகவில்லை. 1755இல் பெந்தெகொஸ்தே சந்தையை இந்தக் குன்றுக்கு மாற்றியதிலிருந்து, போர், கொரோனா போன்ற காலங்கள் தவிர்த்து, இன்றுவரை நடக்கிறது. ஒவ்வொரு பெஞ்சு வரிசைக்கும் பின்னால் இன்றும் அந்த நிலவறையின் வாசல் இருக்கிறது. ஒரு வாசலுக்கு அருகில் நின்று பார்த்தேன். மே மாத வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து வந்த காற்று கணுக்காலைத் தொட்டது, ஏசி அறைக் கதவைத் திறந்த மாதிரி. ஈர மண் வாசனையும் கூடவே வந்தது. இயந்திரவியல் படிக்கும் என் தோழி அங்கேயே நின்று வெப்பக் கடத்தல் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் நின்று கேட்டோம்.

பீர் தருவது ஒரு லிட்டர் பிடிக்கும் பீங்கான் குவளையில். கண்ணாடி இல்லை என்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, தூக்கிப் பார்த்து எடையை வைத்துத்தான் கணிக்க வேண்டும். சாம்பல் நிறம், பக்கத்தில் அந்த வருடத்துப் படம், கைப்பிடி எப்போதும் ஈரம். மரத்திலிருந்து பூவும் பூச்சியும் விழுந்துகொண்டே இருப்பதால் எல்லோரும் குவளைமேல் ஒரு அட்டையை மூடி வைக்கிறார்கள். பெரும்பாலும் நாமே போய் வாங்கி வர வேண்டும். குவளைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். டோக்கன் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அங்கே தனி மேசை என்று எதுவும் இல்லை. ஐந்து பேருக்கு மொத்தமாக இடம் கிடைக்கவே கிடைக்காது. "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டு, தெரியாதவர்களோடு நெருக்கி உட்கார வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் ஜெர்மானியர்கள் ஒட்டமாட்டார்கள், பேசமாட்டார்கள் என்பதுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட முகத்தைப் பார்க்காதவர்கள், அந்த பெஞ்சில் நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் நகர்ந்து இடம் விட்டார்கள். எங்களுக்கு எதிரே எழுபது வயதுக்கு மேலான ஒரு தம்பதி. பெரியவர் வணக்கம் சொல்வதற்குப் பதில் விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். நாங்களும் தட்டினோம். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் இதே நிலவறையின் பெஞ்சுக்குத்தான் வருகிறார்களாம். வேறு நிலவறை பீர் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் இங்கேதானே வருவார்கள்" என்றார் அந்த அம்மா.

அவருடைய ஃபிராங்கோனிய வட்டாரப் பேச்சு பாதி புரியவில்லை. மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டதும் கையைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வகுப்பறையில் எனக்கு வராத ஜெர்மன் அந்த மாலை வந்தது. தப்பாகப் பேசினாலும் யாரும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை, அதுதான் காரணம். வந்த புதிதில் தனிமையில் வாடும் மாணவர்களுக்கு நான் இந்தத் திருவிழாவைப் பரிந்துரைப்பது பீருக்காக இல்லை, இந்த பெஞ்சுக்காக.

குடிக்காதவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதே லிட்டர் குவளையில் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்து தருவார்கள், எலுமிச்சை சோடாவும் கிடைக்கும். குவளைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. குவளைகளை மோதும்போது கண்ணைப் பார்த்து மோத வேண்டும், அது மட்டும்தான் அவர்களுக்கு முக்கியம். எங்கள் தோழி சைவம். பெரிய உப்பு ப்ரெட்ஸலும், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடையும் ஆப்பிள் கூழோடு சாப்பிட்டாள். ப்ரெட்ஸலோடு தரும் ஒபாட்ஸ்டர் என்ற ஆரஞ்சு நிறப் பாலாடைக்கட்டிக் கலவையில் பல இடங்களில் கொஞ்சம் பீர் சேர்ப்பார்கள். மதுவே வேண்டாம் என்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். அசைவம் என்றால் ரொட்டிக்குள் மூன்று சின்ன நியூரம்பெர்க் சாசேஜ் வைத்துத் தருவதைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அது பன்றி இறைச்சி.

இருட்டத் தொடங்கியதும் சூழல் மாறுகிறது. பேண்டு வாத்தியம் போய் மின்கிட்டார் வருகிறது. எல்லோரும் பெஞ்சுமேல் ஏறி நின்று பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். பெஞ்சுமேல் ஏறலாம், மேசைமேல் ஏறக் கூடாது. மாணவர் கூட்டம் முழுவதும் அப்போதுதான் வந்து இறங்குகிறது. நெரிசல் அதிகம், பேசவே முடியாது. இளமைக்கு அது பிடிக்கும், எனக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. பதினொரு மணிக்கெல்லாம் முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

குடிப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். திருவிழா பீர் சாதாரண பீரைவிடக் காட்டம், ஏறத்தாழ 6 சதவீதம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 48 கிராம் ஆல்கஹால் வருகிறது. கடையில் வாங்கும் அரை லிட்டர், 5 சதவீத பாட்டிலில் இருப்பது 20 கிராம். அதாவது ஒரே ஒரு குவளை இரண்டு பாட்டிலுக்கும் மேல். இதைத் தெரியாமல் இரண்டாவது, மூன்றாவது என்று போனவர்கள் குன்றின் சரிவில் கிடப்பதைப் பார்த்தோம். நாங்கள் குடித்தவர்கள் மூன்று பேரும் இரண்டு குவளையைப் பகிர்ந்துகொண்டோம். பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா கலந்த ராட்லர் இன்னும் நல்லது. அதைவிட முக்கியம்: திரும்பும்போது நின்றுகொண்டு ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். ஜெர்மனியில் அதற்கும் காருக்கும் ஒரே குடிபோதைச் சட்டம். ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு) இருந்தாலே அபராதம், 1.1 ஆனால் குற்ற வழக்கு. 21 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு துளிகூடக் கூடாது. சைக்கிளுக்கும் 1.6இல் வழக்கு வரும். படிக்க வந்த இடத்தில் இந்தத் தலைவலி யாருக்கும் வேண்டாம். நடந்து போங்கள்.

எனக்கு எது பிடித்தது என்று கேட்டால், ஞாயிறு காலைதான். பத்து மணிக்குப் போனோம். பாதி பெஞ்சு காலி, பித்தளை வாத்தியக்குழு நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் குதிரை ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார்கள். முந்தின நாள் பார்த்த பெரியவர் அதே இடத்தில், இந்த முறை பேரப்பிள்ளைகளோடு. எங்களைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார். மதுரை நண்பன் தன் வீட்டிலிருந்து வந்த முறுக்கைக் கொண்டு வந்திருந்தான். பேரப்பிள்ளைகள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்றால் சனி இரவைவிட ஞாயிறு காலைக்குப் போங்கள்.

தேதி வருடா வருடம் மாறும். ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம் கழித்து வருவது பெந்தெகொஸ்தே ஞாயிறு. அதற்கு முந்தைய வியாழன் மாலை 5 மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறந்து வைப்பார், அதிலிருந்து 12 நாள். ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் வகுப்பே கிடையாது, அந்த அளவுக்கு ஊரோடு கலந்த விழா. கடைசித் திங்கள் இரவு கடைசிப் பீப்பாயை மண்ணில் புதைத்து, வெள்ளைக் கைக்குட்டை அசைத்து வழியனுப்புவார்களாம். எங்களுக்கு அதுவரை தங்க முடியவில்லை.

மே, ஜூனில் தேர்வு என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எர்லாங்கனுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ஃபோர்ஹைம் என்ற ஊர். அங்கேயும் காட்டுக்குள் நிலவறைகள், அங்கேயும் மரத்தடி பெஞ்சுகள். ஜூலைக் கடைசியில் அன்னாஃபெஸ்ட் என்ற பெயரில் திருவிழா நடக்கும். பெரியவர்தான் சொன்னார், நாங்கள் ஐந்து பேரும் போவதாக முடிவு செய்துவிட்டோம். அந்தப் பக்கம் படிப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.