நுரையீரல் இருக்கட்டும், குறட்டையைச் சொன்னீர்களா?

கேள்வி: வயது 56, உயரம் 165 செ.மீ., எடை 94 கிலோ. பித்தப்பைக் கல்லுக்கு இன்னும் மூன்று வாரத்தில் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, முழு மயக்கத்தில். மயக்கம் கொடுத்தால் நுரையீரல் சுருங்கிவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். மூச்சு தானாகத் திரும்புமா, வென்டிலேட்டரிலேயே கிடந்துவிடுவேனா? ஒரு பல் ஆடுகிறது. தொண்டை வலிக்கும் என்கிறார்கள். தினம் ஐந்தாறு சிகரெட் உண்டு. தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொல்கிறார்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கடிதத்தில் நான் கவலைப்படுவது அதற்கு மட்டும்தான். அதற்கு வருமுன் உங்கள் பயத்தை முடித்துவிடுவோம்.

நுரையீரல் சுருங்கும் என்று படித்தது உண்மை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதைத்தான் அங்கே எழுதாமல் விட்டிருப்பார்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும், நிற்கும் நிலையில் ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய 3 லிட்டர் காற்று மிச்சமிருக்கும். மல்லாந்து படுத்தால் வயிற்று உறுப்புகள், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அதில் முக்கால் முதல் ஒரு லிட்டர் குறைகிறது. மயக்கம் ஏறி, விலாத் தசைகளும் உதரவிதானமும் தளர்ந்ததும் இன்னும் 400 முதல் 500 மி.லி. குறைகிறது. அதாவது மயக்க மருந்து குறைப்பதைவிட, நீங்கள் தினமும் இரவு படுப்பதால் குறைவதே அதிகம்.

இரண்டும் சேரும்போது முதுகுப் பக்கம், உதரவிதானத்தை ஒட்டியுள்ள பகுதியில் சிறு மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்கின்றன. அவற்றுக்கு அப்பால் உள்ள காற்றறைகள் வாடிவிடுகின்றன. முழு மயக்கத்தில் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு சி.டி. ஸ்கேனில் இதைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அது சிறு பகுதிதான். உங்களுடையது போன்ற சிறு துளை அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாளில் விரிந்துவிடும். மேல்வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்தால் ஒரு வாரம் வரை இழுக்கும்.

உங்கள் மயக்க மருத்துவர் இதற்குத் தயாராகத்தான் இருப்பார். தூங்க வைக்குமுன் முகத்தில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுப்பார். உடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மி.லி. ஆக்சிஜன் செலவழிக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை நிரப்பி வைத்தால், ஆரோக்கியமானவருக்கு மூச்சு நின்ற பிறகும் ஏழெட்டு நிமிட அவகாசம் கிடைக்கும். நிரப்பாவிட்டால் ஓரிரு நிமிடம்தான். எடை கூடக் கூட இந்த அவகாசம் குறுகும். அதனால் அந்த மாஸ்க்கை முகத்திலிருந்து தள்ளாதீர்கள், ஓரம் கசியாமல் பொருந்த விடுங்கள்.

பிறகு மூச்சுக்குழலில் போட்ட குழாய் வழியே கருவி கொடுக்கும் மூச்சின் அளவை உங்கள் 94 கிலோவை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். வயிறு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 165 செ.மீ. ஆணுக்கு உரிய எடை சுமார் 61 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 370 முதல் 490 மி.லி. வரை. மூச்சு வெளியேறிய பின்னும் காற்றறைகள் மூடாதிருக்க உள்ளே சிறு அழுத்தம் தொடர்ந்து வைக்கப்படும். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் நிரப்பும் வாயு உதரவிதானத்தை மேலும் தள்ளும் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். பித்தப்பைக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துச் செய்வதால் அந்தத் தள்ளல் ஓரளவு குறையும்.

மூச்சு தானாகத் திரும்பும். அதை நிறுத்தி வைப்பதே மருந்துதான். முக்கியமாகத் தசைத் தளர்த்தி. முடிவில் அதன் வேலையை முறிக்கும் மருந்து கொடுத்து, மணிக்கட்டு நரம்பில் நான்கு சிறு மின் துடிப்புகள் தந்து, நான்காவது துடிப்பின் வலு முதலாவதில் 90 சதவீதமாவது வந்ததா என்று அளந்து பார்த்த பிறகு குழாயை எடுப்பது நல்ல முறை. வென்டிலேட்டரோடு நாள்கணக்கில் கிடப்பவர்கள் வேறு கடும் நோய்களோடு வந்தவர்கள். உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது குறட்டை. இதற்குப் பெயர் தூக்கத்தில் மூச்சடைப்பு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ஒவ்வொரு முறையும் உங்களைக் காப்பாற்றுவது மூளைதான்: ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறியதும் அது உங்களை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, நீங்கள் திணறி மூச்சை இழுக்கிறீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரவில், எஞ்சிய மயக்க மருந்தும் மார்ஃபின் வகை வலி மருந்தும் மழுங்கடிப்பது இந்த எழுப்பலைத்தான். அடைப்பு அப்படியே இருக்கும், எழுப்ப ஆள் இருக்காது.

விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டிக்கொடுக்காதா என்றால், கூடவே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு மிகவும் குறைந்த பிறகும் எண் 96, 97 என்று நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறட்டை, பிறர் கண்ட மூச்சு நிற்றல், ஐம்பதைத் தாண்டிய வயது, ஆண் என்பது: இதைக் கண்டறிய நாங்கள் கேட்கும் எட்டுக் கேள்விகளில் நான்கு உங்களுக்கு இப்போதே 'ஆம்'. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, பகலில் தூங்கி வழிகிறீர்களா, ரத்த அழுத்தம் உண்டா என்று பாருங்கள். ஐந்து வந்தால் ஆபத்து மிகுந்த பிரிவு. அறுவை சிகிச்சை அன்று காலை வரை காத்திருக்காமல் இந்த வாரமே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சிபாப் கருவியை (தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) பழகிக்கொள்ள மூன்று வாரம் போதும். கருவி கிடைத்தால் மருத்துவமனைக்கு அதையும் எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு நேரமில்லை என்றாலும், நோய் இருப்பதாகவே வைத்து அவர் திட்டமிடுவார்: மார்ஃபின் வகை மருந்தை முடிந்தவரை தவிர்ப்பது, தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்திப் படுக்க வைப்பது, முதல் இரவு கண்காணிப்பு.

வீட்டுக்கு வந்ததும் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் ஓரிரு இரவு அடங்கியிருந்த கனவுத் தூக்கம் பிறகு கூடுதலாகத் திரும்பும். மூச்சடைப்பு அதிகம் வருவது அந்தத் தூக்கத்தில்தான். முதல் வாரம் மல்லாந்து படுக்காதீர்கள். தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காமல் இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனாலோ, மனைவி உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்தத் தூக்க மாத்திரையைப் பற்றி. மூச்சடைப்பு உள்ளவர் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல அது. உங்களைக் காப்பாற்றும் அந்த எழுப்பலை வீட்டிலேயே மழுங்கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை நாளாக என்று எழுதவில்லை. ஒன்றிரண்டு நாள்தான் என்றால் இன்றே நிறுத்துங்கள். வாரக்கணக்கில் என்றால் திடீரென நிறுத்தக் கூடாது. அட்டையைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் வலி மாத்திரையோடு இது ஒருபோதும் சேரக் கூடாது.

சிகரெட்டை இன்றே விடுங்கள். நான்கு வாரம் கிடைத்திருந்தால் நுரையீரலுக்கு இன்னும் நல்லது, மூன்றும் வீணில்லை. கடைசி நேரத்தில் நிறுத்தினால் சளி கூடி ஆபத்து என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆடும் பல்லைச் சொல்லிவிடுங்கள், குழாய் போடும்போது விழுந்து மூச்சுக்குழலுக்குள் போகக் கூடாது. தொண்டை வலி ஓரிரு நாளில் தானே போகும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால் அதில் ஊதாதீர்கள், பாதிப் பேர் ஊதுகிறார்கள். மெதுவாக உள்ளே இழுத்து, மூன்று நொடி பிடித்து, விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. அதைவிடப் பயன் தருவது அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து நடப்பது.

மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். உங்கள் மூச்சு எத்தனை நொடி நிற்கிறது, ஓர் இரவில் எத்தனை முறை என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தவர் மனைவி ஒருவர்தான்.