முகம் வரைய வராதவர்கள் பேட்டர்ன் வரைவதையும் ஸ்கெட்ச்புக் தைப்பதையும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா?

முகமும் மரமும் வரைய வரவில்லை, ஆனால் கட்டமும் வளைவுமாகத் திரும்பத் திரும்ப நிரப்புவது பிடித்திருக்கிறது, அதற்கான ஸ்கெட்ச்புக்கையும் கையாலேயே தைத்துப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறார்களாம். பழகியபின் விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்குங்கள். இரண்டையும் ஒன்றாகவே தொடங்குங்கள். விற்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. பைண்டிங்கைத் தொழிலாகச் செய்பவர்கள் இதைப் படித்தால் நான் சொல்லும் முறைகளில் பாதி சுருக்குவழி என்பார்கள். இருக்கலாம். தொழிலுக்கு வேண்டிய நுணுக்கம் வேறு, பொழுதுபோக்காகச் செய்கிறவருக்குப் போதுமானது வேறு. நான் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டுதான். சில வருடங்களுக்கு முன் மாலைநேர ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அன்றன்றைய பயிற்சியை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் நோட்டின் பின்பக்கத்தில் ஐங்கோணங்களை அடுக்கிப் பார்ப்பேன். சமபக்க முக்கோணம், சதுரம், ஒழுங்கான அறுகோணம் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்பும். ஒழுங்கான ஐங்கோணம் நிரப்பாது. அதன் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. ஒரு புள்ளியில் மூன்றைச் சேர்த்தால் 324 பாகை ஆகும், 36 பாகை சும்மா நிற்கும், நாலாவது நுழையாது. பக்கங்களையும் மூலைகளையும் கொஞ்சம் மாற்றினால் அந்த இடைவெளி அடைபடுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நோட்டை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் டிசைன். ஸ்கேல் இருந்தால் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். இங்கே நாம் ஓவியம் கற்கிறோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நிழல் போடுவதை அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்றும் வலிக்கிறது.

பிற்பாடுதான் மார்ஜரி ரைஸ் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இல்லத்தரசி, ஐந்து பிள்ளைகளின் தாய், பள்ளிப் படிப்புக்கு மேல் கணிதம் படிக்காதவர். 1975-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியில், எந்தெந்தக் குவிந்த (எந்த மூலையும் உள்நோக்கிக் குழியாத) ஐங்கோணங்கள் இடைவெளி இல்லாமல் தளத்தை நிரப்பும் என்ற கேள்வியைப் பார்த்தார். தனக்கென்று ஒரு குறியீட்டு முறையைத் தானே உண்டாக்கிக்கொண்டு சமையலறை மேடையில் வரைந்து பார்த்தார். யாராவது வந்தால் மூடி வைத்துவிடுவாராம். 1977-க்குள், அதுவரை யாரும் கண்டிராத நான்கு வகைகளைக் கண்டுபிடித்துவிட்டார். இன்று மொத்தம் 15 வகைகள், அதற்குமேல் கிடையாது என்று 2017-ல் ஒரு நிரூபணமும் வந்தது. அந்தப் பதினைந்தில் நான்கு அவருடையவை. அவருடைய பேட்டர்ன்களில் ஒன்று வாஷிங்டனில் மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கணிதச் சங்கத்தின் தலைமையகக் கட்டடத்தில், முகப்பறைத் தரையில் ஓடுகளாகப் பதிக்கப்பட்டது.

நீங்களும் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. விதி ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்தை நிரப்புவது முழுக்க முழுக்கப் பெரியவர்களின் வேலை, அதில் யோசனை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது புத்தகம். கடையில் கிடைப்பது ஏன் போதாது என்று கேட்பவர்கள் உண்டு. நிலக்காட்சி வரைபவர்களுக்குப் போதும். பேட்டர்ன் இடப்பக்கத்தில் தொடங்கி நடுமடிப்பைத் தாண்டி வலப்பக்கத்துக்கு ஓடும், முதுகில் பசை தடவி ஒட்டிய நோட்டு அங்கே விரியாது. மடிப்போரத்தில் பேனா இறங்காமல் கோடு விலகிவிடும். தைத்த புத்தகம் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும், அதற்காகத்தான் தைக்கிறேன்.

தைப்பதற்குமுன் தாளின் நார் ஓடும் திசையைப் பாருங்கள். குட்டி வீடியோக்களில் யாரும் இதைச் சொல்வதே இல்லை. இயந்திரத்தில் தயாராகும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் தாள் வழவழவென்று மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், தடித்த தாள் என்றால் மடிப்பு வெடித்துக்கூடப் போகும். மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அங்கே மடித்தால் மடிப்புக்கோடு விழும் திசையில்தான் நார் ஓடுகிறது. புத்தகத்தின் முதுகும் அதே திசையில் இருக்க வேண்டும்.

சாதாரண ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதை அப்படியே பாதியாக மடித்து ஏ5 நோட்டு செய்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதனால் முதல் புத்தகத்தை ஏ6 அளவில் செய்யுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் பாதியாக மடித்தால் திசை தானாகவே சரியாக வந்துவிடும். எட்டு ஏ4 தாளில் 16 துண்டு, நாலு நாலாக ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நாலு கட்டு, மொத்தம் 64 பக்கம். சட்டைப்பையில் அடங்கும், பேட்டர்னுக்கு அந்தச் சின்ன அளவே வசதி. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளில் மை பின்பக்கம் தெரியும், 120-க்கு மேல் போனால் நிம்மதி. ஆனால் தாள் தடிமனாக ஆக ஒரு கட்டில் செருகும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

தையலில், நாலு கட்டையும் சேர்க்கும்முன், ஒரே ஒரு கட்டை மட்டும் மூன்று துளையில் தைத்துப் பழகுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்கு வந்து வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. நூலின் இரண்டு முனையும் உள்ளே ஓடும் நீளத் தையலின் இருபுறமும் நிற்க வேண்டும், அதைச் சுற்றி முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. துளையைக் குத்தூசியால் முன்னாடியே போட்டுவிடுங்கள், தையல் ஊசியால் குத்தாதீர்கள். லினன் நூலைத் தேன்மெழுகில் ஒருதரம் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. இது கைவந்தபின் பல கட்டுகளைச் சங்கிலிபோல் கோக்கும் காப்டிக் தையலுக்குப் போகலாம். எகிப்தியக் கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புத்தகம் கட்டிய முறை, முதுகில் பசையே வேண்டாம், முழுசாக விரியும். ஓரத்தில் துளையிட்டுத் தைக்கும் ஜப்பானிய முறை பார்க்க மிக அழகு, ஆனால் தட்டையாக விரியாது. நமக்கு அது உதவாது.

முதல் பக்கத்தில் என்ன வரைவது என்று தெரியாமல் விழிக்க வேண்டாம். பக்கம் முழுக்கச் சதுரக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் எதிரெதிர் மூலைகள் இரண்டை மையமாக வைத்து, பக்கத்தின் பாதியை ஆரமாகக் கொண்டு இரண்டு கால்வட்டம் வரையுங்கள். எந்த மூலைகள் என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் மனம்போலத் தேர்ந்தெடுங்கள். எல்லா வளைவும் சதுரப் பக்கத்தின் நட்டநடுவில் முடிவதால், எப்படி மாற்றிப் போட்டாலும் அடுத்த கட்டத்தின் வளைவோடு அது இணைந்தே தீரும். முகம் வரையத் தெரியாத கையிலிருந்து சுருண்டு சுருண்டு ஓடும் ஒரு பாதை வந்துவிடும். பிரெஞ்சுத் துறவி செபாஸ்தியான் த்ரூஷே 1704-ல் மூலைவிட்டத்தில் இரு நிறமாகப் பிரித்த ஓடுகளைப் பற்றி எழுதினார், இந்தக் கால்வட்டம் அதிலிருந்து பிறந்த வடிவம். காம்பஸ் இல்லாமல் வெறுங்கையால் போட்டாலும் நன்றாகவே வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு வேலைபார்த்த அலுவலகத்தில் வாராந்தரக் கூட்டத்தின்போது குறிப்பு நோட்டின் ஓரத்தில் இப்படி ஏதாவது நிரப்பிக்கொண்டிருப்பேன். மேலாளர் எல்லோர் முன்னாலும் "மேடம், நோட்டை மூடிவிட்டுக் கவனிக்கிறீர்களா?" என்றார். அதே மேசையில் நான்கு பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று பேசியதில் யார் எந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள் என்று மறுநாள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள்! பிரிட்டிஷ் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-ல் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். சுவாரசியமில்லாத ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடியே வடிவங்களுக்கு நிழல் போட்டவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு சின்னச் சோதனைதான், அதை வைத்து எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. கை ஓடினால் காது மூடிக்கொண்டது என்று முடிவுகட்டாதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

விற்பது பற்றி. நம் கையில் எது நன்றாக வந்தாலும் "ஆர்டர் எடுக்கலாமே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். விற்று வாழ்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் விற்க ஆரம்பித்தால் ஒரே அளவில், ஒரே அட்டையில், சொன்ன தேதிக்குள் என்று புத்தகங்களை அடுக்க வேண்டிவரும், வரைய நேரம் இருக்காது. குறைந்தது முதல் சில புத்தகங்களையாவது நீங்களே வரைந்து நிரப்புங்கள். எந்தத் தாள் மையை உறிஞ்சுகிறது, எந்தத் தையல் தளர்கிறது என்பதெல்லாம் நிரப்பினால்தான் தெரியும். அதன்பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.