ராக் பாடகர் ஒருவர் தனியாக வெளியிட்டு, உரிய மதிப்புக் கிடைக்காமல் போன பாப் ஆல்பம் எது? ரசிகர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

ஃப்ரெடி மெர்குரியின் 'மிஸ்டர் பேட் கை'. 1985 ஏப்ரல் 29 அன்று வந்தது. பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் பாடகர், குழுவை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தனியாகச் செய்த முதல் ஆல்பம். மொத்தம் 11 பாட்டு, பதினொன்றையும் எழுதியது அவரேதான்.

குயின் ரசிகர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு "ம்ம், பரவாயில்லை" என்பார்கள். எனக்கு அந்தப் 'பரவாயில்லை'யோடுதான் சண்டை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் குயினைக் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்துக்கு வந்தது. நான் தலைகீழாக வந்தவன்.

சொந்த ஊர் கீழக்கரை. 1988-இல் எனக்கு பதினொரு வயது. துபாயிலிருந்து சாச்சா லீவில் வந்தார். கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், ஒரு டூ-இன்-ஒன் செட், பத்து கேசட். கேசட்டில் ஏழு நாகூர் ஹனிபா. இங்கேயே கிடைக்கிற ஹனிபாவை ஏன் கடல் கடந்து சுமந்து வந்தார் என்று உம்மா இன்று வரை கேட்கிறார். இரண்டு இந்திப் படப் பாட்டு. மிச்சம் இருந்த ஒன்றின் அட்டையில் மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஆள். "பம்பாய்க்காரன் மாதிரி இருந்தான், இந்தி டிஸ்கோன்னு நெனச்சு எடுத்துட்டேன்" என்றார் சாச்சா. வீட்டில் யாருக்கும் வேண்டாத அந்தக் கேசட் எனக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த சில வருஷம் என்னிடம் இருந்த ஒரே இங்கிலீஷ் பாட்டு அதுதான். இந்த ஆளுக்கு ஒரு குழு உண்டு, அது உலகப் புகழ் பெற்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டுவேன். கட்டை தீரத் தீர ஓட்டம் மெதுவாகிக் குரல் கிணற்றுக்குள் இறங்கும். கடைசிப் பாட்டான 'லவ் மி லைக் தேர்'ஸ் நோ டுமாரோ'வை நான் சரியான வேகத்தில் கேட்டதைவிட அப்படிக் கேட்டதே அதிகம். கடற்கரை ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சை வேறு பிடிக்கும். பென்சிலை விட்டுச் சுற்றி, துணியால் துடைத்து, மறுபடி போடுவேன்.

1994-இல் சென்னையில் கல்லூரி விடுதி. பக்கத்து அறையில் யாரோ குயின் பாட்டு போட்டார்கள். ஓடிப் போய், "இது எங்க வீட்டு மீசைக்காரன் குரலாச்சே!" என்றேன். அறையே சிரித்தது. அவருக்குக் குழு இருந்ததும், 1991 நவம்பர் 24-இல் அவர் இறந்துபோனதும் எனக்கு ஒரே சாயங்காலத்தில் தெரியவந்தன. அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் கணக்கில் அன்றைக்குக் காலை வரை உயிரோடு இருந்தார்.

அதனால்தான் ரசிகர்களின் முதல் குறை எனக்கு ஒட்டவே இல்லை. "கிடார் எங்கே?" என்பார்கள். குயினின் கிடார்காரர் பிரையன் மேயின் வாசிப்பை எதிர்பார்த்து வந்து உட்கார்ந்தால் சின்தசைசர் என்கிற மின்னணுக் கீபோர்டும் டிரம் மெஷின் போன்ற தாளமும் வருகிறது, விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு பிரியாணிக்குப் பதில் இடியாப்பம் வைத்த மாதிரி என்பார்கள். நான் இடியாப்பம் சாப்பிடத்தான் வந்தேன் என்பதால் எனக்கு வருத்தம் இல்லை.

கொஞ்சம் பின்னணி சொன்னால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ஆல்பம் பதிவானது ஜெர்மனியின் மியூனிக் நகரில், மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில். கூடத் தயாரித்தவர் ரைன்ஹோல்ட் மாக். இவர்தான் குயினின் 1982 ஆல்பமான 'ஹாட் ஸ்பேஸ்'ஸிலும் இருந்தவர். அதில் குழு நடன இசைப் பக்கம் சாய்ந்தது, பழைய ரசிகர்கள் பலர் அதை இன்னமும் மன்னிக்கவில்லை. ஆக அவர்கள் 'மிஸ்டர் பேட் கை'யைக் கேட்பதற்கு முன்பே பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. குயினில் நான்கு பேருமே பாட்டு எழுதுவார்கள், ஒருவர் கொண்டுவருவதை மற்ற மூவரும் இழுத்துப் பிடிப்பார்கள். இங்கே இழுத்துப் பிடிக்க யாரும் இல்லை. அதன் நல்லதும் கெட்டதும் இந்த ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது.

கெட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். 'ஃபூலிங் அரவுண்ட்' வெறும் நிரப்பல். 'மை லவ் இஸ் டேஞ்சரஸ்' ஜமைக்காவின் ரெகே இசை போலத் தொடங்கி நடுவில் ராக் ஆகப் பார்க்கிறது, இரண்டுமே ஒழுங்காக அமையவில்லை. பதினொன்றில் இரண்டு. அந்தக் காலத்துக் கேசட்டுக்கு நல்ல கணக்குத்தான்.

இரண்டாவது குறையில் நியாயம் உண்டு. தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்த ஆல்பத்தை அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பேசினார். "பாய், ஆளு ஒருத்தன்தான், ஆனா கோயில்ல இருபது பேர் நின்னு பாடுற மாதிரி அடுக்கி வெச்சிருக்கான். டிரம் மட்டும் தகர டப்பா." மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. 'மேட் இன் ஹெவன்' பாட்டில் குரல் மேல் குரலாக ஏறிக்கொண்டே போகும். கீழே தாளம் மட்டும் எண்பதுகளின் பிளாஸ்டிக் வாளியைத் தட்டும். 2019-இல் மூலப் பதிவுகளை எடுத்துப் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். அதில் அந்தப் பிளாஸ்டிக் ஓசை நிறையவே குறைந்திருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். எனக்கு என்னவோ வாளிச் சத்தம் இல்லாமல் கேட்க முடியவில்லை, அது பழக்கதோஷம்.

மூன்றாவது கட்சிதான் பலமானது. ஃப்ரெடி இறந்த பிறகு, 1995-இல், குயினின் மற்ற மூவரும் 'மேட் இன் ஹெவன்' என்ற பெயரிலேயே ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதற்காக இந்த ஆல்பத்திலிருந்து 'மேட் இன் ஹெவன்', 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' என்ற இரண்டையும் எடுத்து, புதிதாகக் கிடார், டிரம்ஸ் எல்லாம் வாசித்துச் சேர்த்தார்கள். "பார்த்தியா, குழு கை வச்சதும்தான் பாட்டு பாட்டாச்சு" என்று பாம்பனில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கும் என் கூட்டாளி சொல்வான். ஹார்ட் ராக் தவிர வேறெதையும் காதில் விடாதவன். ஒரு தடவை அவன் வேனில் பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். ஜன்னல் திறந்திருந்தது, கச்சான் காற்று அடித்தது. அந்தக் காற்றை மீறிக் கேட்டது 1995 வடிவம்தான், ஒப்புக்கொண்டேன். 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' விஷயத்தில் அவன் பக்கம் ஜெயம். அது ஓடுகிற பாட்டு, கிடார் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஜப்பானில் 2004-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாட்டாகக் குயின் வடிவத்தைத்தான் எடுத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை இந்தக் கட்சி வசதியாக மறந்துவிடுகிறது. இரண்டு வடிவத்திலும் குரல் ஒன்றே. தனி ஆல்பத்துக்காக ஃப்ரெடி பாடியதைத்தான் மூவரும் எடுத்து வைத்துக்கொண்டு சுற்றிலும் வாசித்தார்கள். "குயின் வடிவத்தில் எப்படிப் பாடியிருக்கான் பாரு" என்று புகழ்கிறவர் 'மிஸ்டர் பேட் கை'யைத்தான் புகழ்கிறார். பாலத்தின் நடுவில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மாப்ள" என்று சத்தத்தைக் கூட்டினான்.

அப்புறம் படம் பார்த்து வந்தவர்கள். 2018-இல் ஃப்ரெடியின் கதையாக வந்த படத்தில், அவர் தனி ஆல்பத்துக்கு ஒப்புக்கொண்டதும் ஏதோ குடும்பத்தைக் கைவிட்டு ஓடியது போலக் காட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த என் மச்சான் மகன், "அந்தத் துரோக ஆல்பமா மாமா?" என்று கேட்டான். நடந்தது அப்படியல்ல. டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டுவிட்டார், 1984-இல் இன்னொன்று. பிரையன் மேயும் 1983-இல் நண்பர்களோடு ஒன்று வெளியிட்டார். ஃப்ரெடிதான் தாமதம். குழு கலையவும் இல்லை, 1985 மே மாதம் ஜப்பானில் சேர்ந்தே மேடை ஏறினார்கள். துரோகம் என்றால் ஊரே செய்த துரோகம்.

விற்பனை என்று பார்த்தால் பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை போனது, மோசமில்லை. அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் 159. அங்கே அது வந்ததையே பலர் கவனிக்கவில்லை. ஆல்பம் வந்து இரண்டரை மாதத்தில், ஜூலை 13 அன்று, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரண இசை நிகழ்ச்சி. இருபது நிமிஷத்துக்குக் குயின் மேடையில் நின்றது. அன்றிலிருந்து எல்லோருக்கும் வேண்டியது குயின் மட்டுமே. சொந்தக் குழுவே அவர் ஆல்பத்தை மூடிவிட்டது என்று சொன்னால் ரசிகர்கள் என்மேல் பாய்வார்கள். பாயட்டும்.

இனி 'லிவிங் ஆன் மை ஓன்'. இந்தப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பெயரைத் தமிழில் சொன்னால் 'தனியாகத்தான் காலம் தள்ளுகிறேன்'. மெட்டோ ஆட வைக்கிற மெட்டு. நடுவில் சொல்லே இல்லாமல் வாயால் தாளம் உதிர்த்துக்கொண்டு போவார், பியானோ கூடவே ஓடும். 1985-இல் இது தனிப்பாட்டாக வந்தபோது பிரிட்டனில் 50-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அவர் இறந்த பிறகு, 1993-இல், வேறு ஆட்கள் நடன மெட்டாக மாற்றிக் கலந்த வடிவம் அதே பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரிந்தது அந்த வடிவம். அதில் தாளம் பிடித்துக்கொள்கிறது, ஆள் தொலைந்துபோகிறார். மூலத்தைக் கேளுங்கள். வீடியோவில் வருவது அவரது 39-வது பிறந்தநாள் விருந்துக் கூட்டம், மியூனிக்கில், எல்லோரும் கறுப்பு வெள்ளையில் வேஷம் கட்டிக்கொண்டு. அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருவர் 'நான் தனி' என்று பாடுகிறார்.

சாச்சா துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்தவர். வெள்ளிக்கிழமை ஆனால் எல்லோரும் சேர்ந்து சமைத்து, பாட்டுப் போட்டு, ஒரே கூத்தாக இருக்கும் என்று சொல்வார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இது. அதனால் இந்தப் பாட்டைச் சந்தோஷப் பாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சோகப் பாட்டு என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது வெள்ளிக்கிழமைப் பாட்டு.

இதற்கு முந்திய பாட்டான 'தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்' மெதுவானது. இதை மைக்கேல் ஜாக்சனோடு சேர்ந்து பாடிப் பார்த்தும் முடிக்காமல் விட்டிருந்தார். இருவரும் பாடிய வடிவம் 2014-இல்தான் வெளியே வந்தது. இரண்டு பெரிய குரல்கள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்குத் தனியாகப் பாடியதே போதும். அந்தக் கேள்வியைக் கேட்க இரண்டு பேர் தேவையில்லை.

ஆல்பத்தை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? தன் பூனை ஜெர்ரிக்கு. கூடவே டாம், ஆஸ்கர், டிஃபனி, அண்டம் முழுக்க இருக்கிற பூனைப் பிரியர்களுக்கு. மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் சரி என்று அதோடு ஒரு வரி. சாச்சா வாங்கி வந்த மலிவு கேசட்டில் இதெல்லாம் அச்சாகி இருக்கவில்லை. மீன் வாங்கினால் தெருப்பூனை வாசல் வரை கூடவே வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்பதாக இருந்தால் வரிசைப்படி கேட்க வேண்டாம். கேசட்டின் 'பி' பக்கத்திலிருந்து, அதாவது ஆறாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஆல்பத்தின் பெயர் கொண்ட அந்தப் பாட்டு முழு ஆர்கெஸ்ட்ராவோடு வரும். கிடாரைத் தேடாமல் ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் 'ஏ' பக்கத்துக்குத் திரும்புங்கள்.

சாச்சா இப்போது ஊரோடு வந்துவிட்டார், எழுபதைத் தாண்டிவிட்டது. போன மாதம் போனில் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டி, இந்த ஆள் பிறந்தது சான்சிபாரில், பெற்றோர் குஜராத் பக்கத்துப் பார்சிகள், உண்மைப் பெயர் ஃபரூக் பல்சாரா, படித்தது பம்பாய்க்குத் தெற்கே பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கி என்று எல்லாம் சொன்னேன். தொதல் அல்வாவை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் அன்னைக்கே பம்பாய்க்காரன்னு சொன்னேன்ல, எல்லாரும் சிரிச்சீங்க" என்றார்.