கொழுப்பும் ஹார்மோன் சுரக்கும்: பிள்ளைகளின் எடை பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியில் குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். பிள்ளைகளின் எடை பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறைய கேள்விகள் வந்துவிட்டன.

முத்தியால்பேட்டை அம்மா: பையனுக்கு 12 வயது, 62 கிலோ. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மறுபடியும் பசி என்கிறான். ஹார்மோன் கோளாறா?

முதலில் அவன் உயரத்தைப் பாருங்கள் அம்மா. வயதுக்கேற்ற உயரம் வளர்கிறதென்றால் தைராய்டு மாதிரியான கோளாறு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கோளாறுகளில் எடை ஏறும்போது உயரம் வளர்வது மந்தமாகிவிடும்.

ஆனால் அவன் பசி பொய்யில்லை. கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு, எலிகளை ஆராய்ந்து, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. 'கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று, மூளையில் பசியைக் கவனிக்கும் பகுதியான ஹைப்போதலாமசுக்குச் சொல்வது அதன் வேலை. உடலில் கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். ஆனால் பருமனான உடலில் மூளை அந்தச் சேதியைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டினி போட்டால் லெப்டின் சட்டென்று இறங்கும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பயந்து பசியை ஏற்றிவிடும். அதனால் அவனைப் பட்டினி போடாதீர்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: லெப்டின் பவுடர் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். லெப்டின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் பருப்பு செரிப்பதுபோல் செரித்துவிடும். ஊசியாகப் போட்டால்தான் வேலை செய்யும், அதுவும் பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகளுக்கு. அப்படி இரண்டு பிள்ளைகளைப் பற்றி 1997-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு ஊசி போட்டபோது பசி அடங்கி எடை இறங்கியது. அது மிக மிக அரிய நோய். உங்கள் பிள்ளை உடம்பில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

வில்லியனூர்: மகளுக்குப் பின்கழுத்தில் கருப்பு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாகப் பெரும்பாலும் வருவது. கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் இன்சுலினுக்குத் துணை நிற்கும். வயிற்றில் கொழுப்பு கூடினால் அடிப்போனெக்டின் குறைந்துவிடுகிறது. இந்த வாரமே சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பண்ருட்டி: பலாப்பழம் கொடுக்கலாமா?

நாலைந்து சுளை, மாலைத் தீனிக்குப் பதிலாக.

பையனின் பிஎம்ஐ 23. சரிதானே?

பிஎம்ஐ என்பது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு. வயதைச் சொல்லவில்லையே. இந்தியர்களில் பெரியவர்களுக்கே 23-இல் அதிக எடை தொடங்குகிறது. பத்து வயதுப் பிள்ளை என்றால் மிக அதிகம்.

திருப்பாதிரிப்புலியூர்: வேறு எந்தப் பவுடர் நல்லது?

எந்தப் பவுடரும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஹார்மோன் என்பதெல்லாம் சாக்கு, டாக்டர். வாயைக் கட்டினால் இளைக்கும்.

ஐயா, எல்லா உடம்பிலும் ஹார்மோன் ஒன்றுதான். ஆனால் அதன் சேதியை எல்லா மூளையும் ஒரே மாதிரிக் காதில் வாங்குவதில்லை. அதனால் வாயைக் கட்டுவது எல்லோருக்கும் ஒரே அளவு சுலபமில்லை.

அதே ஆசிரியர்: எங்கள் காலத்திலும் இதே உடம்புதானே? அப்போது ஏன் வகுப்புக்கு ஒருவன்கூடக் குண்டாக இல்லை?

நல்ல கேள்வி. முப்பது வருடத்தில் மரபணு மாறாது, சூழல்தான் மாறியது. பள்ளி விட்டதும் டியூஷன், கையில் பாக்கெட் தீனி, நடுராத்திரி வரை போன். தூக்கம் குறைந்தாலே பசி கூடும். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் சூழலை அமைத்தது நாம், பிள்ளை இல்லை.

இடையில் கடலூரிலிருந்து ஒரு பையன், 16 வயது: ஐயா, நான் வாயைக் கட்டிப் பார்த்தேன். நாலு நாள் ராத்திரி சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு பாக்கெட் பிஸ்கெட்டும் தின்றுவிட்டு அழுதேன்.

தம்பி, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. மேலே பஞ்சம் என்று சொன்னேனே, உன் மூளை அதைத்தான் செய்தது. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. இரண்டு இட்லி, நிறைய சாம்பார், சீக்கிரம் தூக்கம். காலையில் சில்வர் பீச்சில் ஒரு நண்பனோடு நட. அழுகை தொடர்ந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லு, டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லு.

பெரியவர்களுக்கு: பிள்ளையைக் 'குண்டு' என்று கூப்பிடாதீர்கள். கிண்டலால் இளைத்த பிள்ளையை நான் பார்த்ததில்லை, ஒளிந்து தின்னப் பழகிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்: தம்பி, மனசில் வைத்துக்கொள்ளாதே. நான் உன்னைச் சொல்லவில்லை.

லாஸ்பேட்டை அப்பா: மகளுக்கு 14 வயது, மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, எடையும் கூடுகிறது.

இங்கே பதில் சொல்லக்கூடாத கேள்வி. மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கிரீன் டீ, கொள்ளுப் பவுடர், ஆப்பிள் வினிகர் (மூன்று பேர்)

பவுடருக்கு இரண்டு முறை சொல்லிவிட்டேன். இவற்றுக்கும் அதே பதில்.

காலாப்பட்டுப் பாட்டி: பேரன் எத்தனை கிலோ குறையணும்?

வளரும் பிள்ளை அம்மா, பல பேருக்குக் குறையவே வேண்டியதில்லை. எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே போதும். ஒரு நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கூட்டி வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். டவுனுக்கு வரும் நாளில் அவன் கையைப் பிடித்து அங்கே நடங்கள்.