மலைக்காரருக்கும் மூச்சு வாங்கும்

கேள்வி: நான் கட்டபெட்டில் பிறந்து வளர்ந்தவன். வயது 26. தொட்டபெட்டா உச்சிவரை நிற்காமல் ஓடுவேன். ஆகஸ்டில் லடாக்கின் காங் யாத்சே 2 சிகரம் ஏறும் குழுவில் பணம் கட்டியிருக்கிறேன். லே நகரில் ஒரு நாள் ஓய்வு உண்டாம். மலையிலேயே வாழும் எனக்கு அதுகூடத் தேவையில்லை என்கிறான் நண்பன். உயர நோய் எனக்கும் வருமா?
– ச.ம., கட்டபெட்டு

பதில்: வரும், தம்பி. உங்கள் நண்பர் சொன்னதை இன்றே மறந்துவிடுங்கள்.

தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். நீங்கள் விமானத்திலிருந்து கால் வைக்கும் லே ஏறத்தாழ 3,500 மீட்டர். சிகரம் 6,250 மீட்டர். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஊட்டியில் நமக்கு முக்கால் பங்கு கிடைக்கிறது. 5,500 மீட்டரில் பாதிதான் மிஞ்சும், சிகரத்தில் அதற்கும் குறைவு. நீலகிரியில் வாழ்வதால் உடல் பெற்றிருக்கும் சிறிய பழக்கம் லேவுக்கு மேல் எடுபடாது. ஓடிப் பழகிய கால்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. சொல்லப்போனால், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் முதலில் படுப்பதும் உண்டு.

என் கண்ணால் பார்த்தது ஒன்று. நாங்கள் போன குழுவில் கோவையிலிருந்து வந்த ஒரு மாரத்தான் ஓட்டக்காரர் இருந்தார். எல்லா நாளும் அவர்தான் முதலில் முகாமை அடைவார். அடிவார முகாமில் மாலை தேநீரை வேண்டாம் என்று தள்ளினார், தலைவலி என்றார். எங்கள் லடாக்கி வழிகாட்டி அவரைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். இருட்டுவதற்குள் உதவியாளர் ஒருவருடன் அவரைக் கீழே அனுப்பிவிட்டார். "இத்தனை பணம் கட்டியிருக்கிறேன்" என்று அவர் கோபப்பட்டார். வழிகாட்டி அசையவில்லை. தள்ளாட்டம் என்றால் மூளையில் நீர் கோர்க்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு முதல் மருந்து இறங்குவதுதான், விடியும்வரை காத்திருக்கவே கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறுவது, இருமலில் நுரை வருவது இரண்டும் நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அடையாளம். அதற்கும் இதே விதிதான்.

இனி உங்கள் பயணத் திட்டத்தைக் கையில் எடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். விமானத்தில் போகிறவருக்கு லேயில் ஒரு நாள் மிகவும் குறைவு. குறைந்தது இரண்டு முழு நாள் கேளுங்கள், மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது. சிகரத்துக்குப் போகும் வழியான மார்க்கா பள்ளத்தாக்கில் ஹங்கர் கிராமத்திலிருந்து நிமாலிங் மேய்ச்சல் வெளிக்கு 700 மீட்டருக்கு மேல் ஏற்றம். அதை ஒரே நாளில் முடிக்கும் குழுக்கள் பல. நடுவில் தச்சுங்சேயில் ஓர் இரவு தங்க வைக்கச் சொல்லுங்கள். உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுக்கவேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

பயிற்சிக்கு நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. ஓடுவதைக் குறைத்து, முதுகில் பத்து கிலோ சுமையுடன் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்குங்கள். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து மேடேறும் பெண்களைக் கவனியுங்கள். பேச்சு அறுபடாமல் ஏறுவார்கள். அந்த நடைதான் உங்களுக்கு வேண்டும். இறங்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், சிகரத்தன்று முட்டி நோவது திரும்பும் வழியில்தான். இங்கே பயிற்சிக்கு இருட்டோடு கிளம்பவேண்டாம். கரடியும் காட்டெருமையும் பாதையை விட்டு ஒதுங்கிய பிறகு போனால் போதும்.

கேள்வி: என் மகள் தோழிகளுடன் இதே போன்ற சிகரப் பயணத்துக்குக் கிளம்புகிறாள். இருப்பதிலேயே குறைந்த கட்டணம் கேட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் என்ன விசாரிக்க வேண்டும்?
– ஒரு தாய், வெலிங்டன்

பதில்: கட்டணம் எங்கே குறைந்தது என்று விசாரியுங்கள், அம்மா. பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் வெட்டுவார்கள்: நாட்களில், வழிகாட்டிகளின் எண்ணிக்கையில். வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு மிகை நாள் உண்டா? பனிச்சரிவில் ஒரு கயிற்றில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை வழிகாட்டிகள்? தலைமை வழிகாட்டி உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி போன்ற மலையேற்றக் கல்வி நிலையங்களில் பயின்றவரா? ஆக்சிஜன் சிலிண்டர் அடிவார முகாம்வரை வருமா? சிகரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

இன்னொரு கேள்வி எல்லாவற்றிலும் பெரியது: எந்த மணிக்குத் திரும்புவீர்கள்? சிகரத்துக்கு நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதே பனி இறுகிக் கிடக்கும் என்பதால்தான். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், மேலிருந்து கல் உருளும். அதனால் உச்சி எட்டும் தூரத்தில் இருந்தாலும் குறித்த மணிக்குத் திரும்பவேண்டும். அந்த மணியைச் சொல்லத் தெரியாத நிறுவனத்தோடு மகளை அனுப்பாதீர்கள். "வானிலையைப் பார்த்து முடிவு செய்வோம்" என்பதை நான் பதிலாக ஏற்கமாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போன இளம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். யார் அழைத்துப் போகிறார்கள், அனுமதி உண்டா என்று கேட்பது பெற்றோரின் கடமை. மகள் சங்கடப்பட்டாலும் கேளுங்கள்.

கேள்வி: பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் கிராம்பான் முள்தகடு, பனிக்கோடரி எதையும் தொட்டதில்லை. முகாமில் ஒரு நாள் சொல்லித் தருவார்களாம். போதுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வழிகாட்டியின் கயிற்றில் இணைந்து அவர் சொன்னபடி நடக்க அது உதவும். வழுக்கினால் கோடரியைப் பனியில் ஊன்றி உடலை நிறுத்துவதை மட்டும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். நேரமும் விருப்பமும் இருந்தால் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சியில் சேருங்கள். ஏறத்தாழ நான்கு வாரம்.

கேள்வி: எனக்கு 56 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. சிகரம் ஏற ஆசை, பயமும் இருக்கிறது.
– வாசகி, கூடலூர்

பதில்: முதலில் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதியுங்கள். மருத்துவர் சரி என்றால் இந்த முறை சிகரம் இல்லாமல் மார்க்கா பள்ளத்தாக்கை மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். பெரும்பாலான இரவுகளில் கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம், உணவும் அவர்களே தருவார்கள். நிமாலிங்கிலிருந்து காங் யாத்சே முழுதாகத் தெரியும். அங்கே உங்கள் உடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சிகரத்தை அடுத்த ஆண்டு தீர்மானிக்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை ஏற்ற காலம். கிளம்பும் முன் எனக்கு எழுதுங்கள்; உங்கள் அளவுக்குச் சரியாக இருந்தால் என்னுடைய தூங்கும் பையைத் தருகிறேன்.